அஸ்மத் நீலம் பரவுமா?

ராயப்பேட்டை,
03.07.2024, புதன்கிழமை.

அன்பிற்குரிய கனகராஜுக்கு,

இவ்வீட்டில் இருவரும் நலம். என் இடது முழங்காலை இதில் சேர்க்கவில்லை. கொட்டிவாக்கத்தில் நீரும் மகள் ஸ்வர்ணலதாவும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

உமது பண்ணை வண்டி ஜூலை 1, திங்கட்கிழமை காலை பத்தே காலுக்கு வந்து, இரண்டு தொட்டிகளையும் ஒரு கடிதத்தையும் இறக்கிவிட்டுப் போயிற்று. கடிதத்தின் தலைப்பில் ‘ஜூன் 31’ என்று தேதியிட்டிருக்கிறீர். நாற்பதாண்டு நட்பில் உமக்கு எத்தனையோ விட்டுக்கொடுத்திருக்கிறேன். இல்லாத ஒரு நாளை விட்டுக்கொடுக்க இயலாது. ஜூன் 30 எனத் திருத்திக் கோப்பில் சேர்த்துள்ளேன்.

இனிச் செடி. உறுப்பினர் எவரும் புதிய அலங்காரச் செடியை விற்குமுன், அது தோட்டத்தை விட்டு வெளியேறி ஊரை மூடிவிடாது என்று ஒருவர் எழுத்தில் கருத்துரை தர வேண்டும் என உமது நாற்றுப்பண்ணையாளர் சங்கம் சென்ற ஆண்டு முடிவு செய்தது. துறைமுகத்தில் வந்திறங்கும் விதைகளையும் செடிகளையும் முப்பத்தோராண்டு சோதித்தவன் என்று சொல்லி அந்தப் பொறுப்பை என் தலையில் கட்டியவர் நீரே. எனவே முறைப்படிதான் செய்வேன். ஒரு முழு மழைக்காலம் பார்க்காமல் கருத்துரை இல்லை. அது 31.01.2025 அன்று உமக்குக் கிடைக்கும்.

கொடிக்கு ‘அஸ்மத் நீலம்’ என்று என் மனைவியின் பெயரை வைத்திருப்பதாக எழுதியிருக்கிறீர். படித்துக் காட்டினேன். “இன்னாது, எம்பேர்ல செடியா? உங்க சிநேகிதருக்காவது தோணிச்சே. நீங்க முப்பது வருசம் செடியோடவே குடும்பம் நடத்துனீங்க, ஒரு புல்லுக்குக்கூட எம்பேர வெக்கல” என்றாள். அன்று மாலை அவளுடைய தையல் வகுப்புப் பெண்கள் பதினொருவரும் மாடியேறி அதைப் பார்த்துவிட்டார்கள். பூ அழகுதான். மறுக்கவில்லை. ஆனால் அழகு என் விசாரணைக்கு உட்பட்டதன்று.

நேற்று மூன்று முறை தொலைபேசியில் அழைத்தீராம். என் செவியின் நிலை நீர் அறிந்ததே. எழுதும்.

என்றும் உம் நலம் நாடும்,
மு. ஷரஃபுதீன்

—

கொட்டிவாக்கம்,
ஜூலை 10 (காலண்டரில் இருக்கிற தேதிதான், பார்த்துவிட்டேன்)

பாய் அவர்களுக்கு,

கனகராஜ் எழுதுவது. மதினி சந்தோஷப்பட்டார்கள் என்று படித்ததும் எனக்கு மனசு நிறைந்துபோயிற்று. அந்த நீலத்தைப் பார்த்தவுடன் மதினியின் நீலத் துப்பட்டாதான் ஞாபகம் வந்தது. வேறு பேரே தோன்றவில்லை.

ஆனால் ஜனவரி என்று எழுதிவிட்டீர்களே பாய்! இந்தக் கொடியைக் கண்டுபிடித்துக் கொண்டுவந்தது ஸ்வர்ணா. கம்ப்யூட்டர் வேலையை விட்டுவிட்டு என்னோடு மண்ணில் இறங்கியிருக்கிறாள். ‘இவளுக்கு இது தேவையா’ என்று சொந்தக்காரர்கள் சிரிக்கிறார்கள். அடையாற்றில் பதினான்கு மாடிக் குடியிருப்பு ஒன்று வருகிறது. ஒவ்வொரு பால்கனியிலும் இந்தக் கொடி தொங்க வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். பன்னிரண்டாயிரம் நாற்று போட்டுவிட்டோம். தீபாவளிக்குள் கொடுக்க வேண்டும். ஆகஸ்டு கடைசிக்குள் உங்கள் கடிதம் வந்தால்தான் முடியும்.

இது விதையே வைக்காது பாய். மூன்று தடவை பூத்து ஓய்ந்ததைப் பார்த்துவிட்டோம், ஒரு காய் இல்லை. விதை இல்லாதது எங்கே பரவப் போகிறது? உங்களுக்கு ஒரு கையெழுத்து, என் பிள்ளைக்கு அதுதான் வாழ்க்கை.

மதினிக்கு என் வணக்கம்.

உங்கள் கனகராஜ்

—

ராயப்பேட்டை,
05.08.2024, திங்கட்கிழமை.

அன்பிற்குரிய கனகராஜுக்கு,

உமது கடிதத்தை நான்கு முறை படித்தேன். ஸ்வர்ணலதாவின் நிலை என் மனத்தைத் தைக்கவில்லை என்று நினைக்க வேண்டாம். பிறந்த நாற்பதாம் நாள் அவளை என் மடியில் வைத்தீர். இருந்தும் ஆகஸ்டில் கையெழுத்திட மாட்டேன். காரணம் பின்வருமாறு.

ஜூலை 8 அன்று கொடியை ஒற்றைக் கணுத் துண்டுகளாக நறுக்கினேன். முப்பது துண்டுகள். பத்தை ஈர மணலில் இட்டேன். ஆறாம் நாள் பத்தும் வேர்விட்டன. பத்தை நிழலில் ஒரு வாரம் உலர்த்தி, சருகு போலானபின் நனைத்தேன், ஏழு பிழைத்தன. எஞ்சிய பத்துக்கு, உமது பண்ணைக்குப் பின்புறம் ஓடும் பக்கிங்ஹாம் கால்வாயிலிருந்தே ஒரு கேன் உப்புக் கலந்த தண்ணீர் வரவழைத்தேன். அந்தத் தண்ணீரின் வாடையில் அஸ்மத் இரண்டு நாள் மாடிப்பக்கம் வரவில்லை. கொடியோ இருபத்தெட்டு நாளாக அதில் மிதந்துகொண்டு, இன்று காலை ஒரு பூவும் பூத்திருக்கிறது.

விதை வைக்காதது என்பது வேறு, பரவாதது என்பது வேறு. இதற்கு விதை தேவையே இல்லை. ஒரு கத்தரிக்கோலும் ஒரு மழையும் போதும். பதினான்கு மாடிப் பால்கனிகளில் வெட்டி எறியப்படுவது எங்கே போய் விழும் என்பதை நீரே யோசித்துப் பாரும்.

இன்னொன்று. தையல் வகுப்பு முடிந்து இறங்கும் பெண்களிடம் நம்மவரின் வழக்கமான அந்தக் கேள்வி இருக்கிறது: “ஒரே ஒரு கணு ஒடிச்சுக்கட்டுமா பெரிமா?” ஜூலை 19 அன்று படிக்கட்டிலேயே நின்று, இரண்டு கைப்பைகளிலிருந்தும் ஒரு டிபன் டப்பாவிலிருந்தும் மூன்று கணுக்களை மீட்டேன். அன்று முதல் வகுப்புக்கு முன்னும் பின்னும் கணுக்களை எண்ணுகிறேன். “உங்களுக்குப் பயந்துக்கினு பொண்ணுங்க மாடிக்கே வர்றதில்ல” என்று அஸ்மத் கோபித்துக்கொண்டிருக்கிறாள். கோபிக்கட்டும்.

மாறா அன்புடன்,
மு. ஷரஃபுதீன்

—

கொட்டிவாக்கம்,
ஆகஸ்டு 22

பாய் அவர்களுக்கு,

நீங்கள் துறைமுகத்திலிருந்து ஓய்வு பெற்றுப் பல வருஷமாகிறது. இன்னும் கப்பல் கப்பலாய்த் திருப்பி அனுப்பிக்கொண்டே இருக்கிறீர்கள். என் பிள்ளை கொண்டுவந்ததையும் திருப்பித்தான் அனுப்ப வேண்டுமா?

ஒளித்துச் செய்ய எனக்குத் தெரியாது, அதனால் நேராக எழுதுகிறேன். அசோக் நகரில் ஒரு பேராசிரியர் இருக்கிறார். செடியைப் பத்து நிமிஷம் பார்த்தார், தருகிறேன் என்று சொல்லிவிட்டார். அதை வாங்கிச் சங்கத்தில் கொடுக்கப் போகிறேன். இருந்தாலும் உங்கள் கையெழுத்தில் வந்தால்தான் எனக்கு ருசி. கடைசியாகக் கேட்கிறேன்.

ஸ்வர்ணா விளம்பர நோட்டீஸ் அடித்துவிட்டாள். ஒன்று இணைத்திருக்கிறேன். மதினியிடம் காட்டுங்கள். பேர் எவ்வளவு பெரிதாக வந்திருக்கிறது பாருங்கள்.

கனகராஜ்

—

ராயப்பேட்டை,
26.08.2024, திங்கட்கிழமை.

மதிப்பிற்குரிய திரு. கனகராஜ் அவர்களுக்கு,

தங்கள் கடிதமும் அதனுடன் இணைக்கப்பட்ட துண்டறிக்கையும் 24.08.2024, சனிக்கிழமை பிற்பகல் கிடைத்தன. உறையைப் பிரித்தது நானல்லேன், என் மனைவி. தன் பெயர் அச்சில் வருகிறது என்று ஸ்வர்ணலதா முன்பே தொலைபேசியில் சொல்லியிருந்ததால் ஆவலோடு பிரித்தாள். அதில் உள்ளதை உள்ளபடியே கீழே எடுத்தெழுதுகிறேன்.

‘அஸ்மத். மலட்டுச் செடி, பயமில்லை.’

எங்கள் திருமணம் 11.03.1984 அன்று நடந்தது என்பதும், இவ்வீட்டில் தொட்டில் கட்டப்படவில்லை என்பதும் தாங்கள் அறியாத செய்திகள் அல்ல. என் மனைவி அதைப் படித்தாள், மடித்தாள், தையல் இயந்திரத்தின் இழுப்பறையில் வைத்தாள். இரவு உணவுக்குப் பின் “எழுத்து நல்லா பெருசாத்தான் கீது” என்றாள்.

அசோக் நகர்ப் பேராசிரியரிடம் தாங்கள் எதையும் பெற்றுக்கொள்ளலாம். தாங்கள் அனுப்பிய இரு தொட்டிகளும் என் மாடியிலேயே இருக்கும், சோதனை முடியவில்லை. அது முடியும் நாளில் என் கருத்துரை சங்கத்துக்கு நேரே போகும். தாங்கள் கேட்டாலும் போகும், கேட்காவிட்டாலும் போகும்.

இங்ஙனம்,
மு. ஷரஃபுதீன்

—

கொட்டிவாக்கம்,
29.8.24

பாய்,

நாற்பது வருஷமாக ‘நீர்’ என்று எழுதிய கை ‘தாங்கள்’ என்று எழுதியிருக்கிறது. அதற்கு என்னைச் செருப்பால் அடித்திருக்கலாம்.

நோட்டீஸ் கட்டை உங்கள் கடிதம் வந்த அன்றைக்கே கொளுத்திவிட்டேன். அச்சுக்குப் போகுமுன் நான் ஒரு தடவை வாசித்திருக்க வேண்டும். பேரை மட்டும் பார்த்தேன். அது என் தப்பு. மதினி காலில் விழ வேண்டுமென்றால் விழுகிறேன். ஸ்வர்ணாவுக்கு எதுவும் தெரியாது பாய். வீட்டில் அந்தப் பேச்சை நாங்கள் எடுத்ததே கிடையாது.

ஆனால் அந்த வாக்கியம் எங்கிருந்து வந்தது என்று சொல்லாமல் விட மாட்டேன். என் பண்ணைப் பலகையிலிருந்து எடுத்தாள். வெடிலியா விற்ற நாளிலிருந்து வாசலில் தொங்குகிற பலகை. அடையாற்றுப் பங்களா ஒன்றிலிருந்து அந்த மஞ்சள் பூக் கொடியை ஈரச் சாக்கில் சுற்றி, என் சைக்கிளில் வைத்து நாம் இரண்டு பேரும் கொண்டுவந்தோமே, ஞாபகமிருக்கிறதா? இது தரையெல்லாம் ஓடுமோ என்று நான் கேட்டேன். ‘மலட்டுச் செடி, பயமில்லை’ என்றீர்கள். பெரிய உத்தியோகத்தர் சொன்னது என்று எழுத்து மாறாமல் பலகையில் எழுதி வைத்தேன். அதைக் காட்டித்தான் பண்ணையே எழுந்தது. இன்றைக்குக் கால்வாய்க் கரை முழுக்க அந்தக் கொடிதான் கிடக்கிறது. ஒரு புல் முளைக்க இடமில்லை.

தேதி எனக்குத் தெரியாது. உங்கள் டைரியில் இருக்கும், பாருங்கள். அன்றைக்கு எனக்கு மட்டும் பத்து நிமிஷத்தில் சொன்னீர்களே, என் பிள்ளைக்கு மட்டும் ஏன் ஏழு மாசம்?

கனகராஜ்

—

ராயப்பேட்டை,
09.09.2024, திங்கட்கிழமை.

கனகராஜுக்கு,

பார்த்தேன். 17.08.1986, ஞாயிற்றுக்கிழமை. ‘கனகராஜுடன் அடையாறு. மஞ்சள் பூக் கொடி. விதை முளைக்காது எனச் சொன்னேன். வரும்போது மழை.’ என் கையெழுத்துதான். நான் சொன்னேன். பத்து நிமிடம்கூடப் பார்க்காமல் சொன்னேன். உமது வாசலில் எத்தனையோ முறை வந்து இறங்கியும் அந்தப் பலகையை நான் படித்ததில்லை என்பதையும் பதிவு செய்கிறேன். பிறர் போடும் தேதியைத் திருத்தித் திரிபவனுக்குத் தன் வாக்கியம் முப்பத்தெட்டு ஆண்டுகள் கண்ணில் படவில்லை.

ஏன் ஏழு மாதம் என்று கேட்டீர். அந்தப் பத்து நிமிடத்தால்தான். அன்று நான் தவறியதைக் காட்டி இன்றும் தவறச் சொல்லாதீர்.

நேற்று, ஞாயிறு காலை, ஸ்வர்ணலதா இங்கே வந்திருந்தாள். உமக்குச் சொல்லிவிட்டு வந்தாளா என அறியேன். முன்னறையில் நின்றபடியே அழுதாள்.

“இன்னாத்துக்கு அழுவுறே? மொதல்ல குந்து” என்றாள் அஸ்மத்.

“பெரியம்மா, சத்தியமா எனக்குத் தெரியாது. போர்டுல இருந்ததை அப்படியே போட்டுட்டேன்.”

“உனக்குத் தெரியாதுன்னு எனக்குத் தெரியும். நாப்பது வருசமா கேட்டுக்கினு கீறேன் அந்த வார்த்தைய. கல்யாண வூட்ல கேட்டுட்டேன், மௌத் வூட்ல கேட்டுட்டேன். நோட்டீசுல வர்றதுதான் பாக்கி. அதுவும் வந்துட்ச்சு. கண்ணைத் தொடச்சுக்கோ.”

நான் நாற்காலியிலிருந்து எழுந்தேன். “நீங்க எங்க எழுந்துக்கினு போறீங்க? போர்டுக்குச் சொல்லிக் குடுத்தவரே நீங்கதானாமே. உக்காருங்க” என்றாள். உட்கார்ந்தேன்.

ஸ்வர்ணலதா, “விதை இல்லைன்னா பரவாதுன்னு நினைச்சுட்டேன் பெரியம்மா” என்றாள்.

கனகராஜ், அதற்கு அஸ்மத் சொன்னதைச் சொல் மாறாமல் தருகிறேன். நான் முப்பத்தோராண்டில் எழுதிய எந்த அறிக்கையிலும் இது இல்லை.

“யாரு சொன்னது அப்டி? எனக்கும்தான் வெதை இல்ல. ஜாம்பஜார்லேர்ந்து ஐஸ் அவுஸ் வரைக்கும் எந்தச் சந்துல வேணா பூந்து பாரு. மெஷின்ல குந்திக்கினு ஜாக்கெட் தைக்கிறவ எங்கிட்ட கத்துக்கினவளா இருப்பா, இல்ல அவகிட்ட கத்துக்கினவளா இருப்பா. போன எடத்துலல்லாம் வேர் வுட்டுட்டாளுங்க. நான் பரவலையா? மேல வா, உன் செடி இன்னா பண்ணி வெச்சிருக்குன்னு காட்டுறேன்.”

அவளைக் கையைப் பிடித்து மாடிக்கு அழைத்துப் போனாள். சிமெண்டுத் தரையில் ஒரு விரிசல் இருக்கிறது; ஒரு நாணயம் நுழையாது. நான் மீட்கத் தவறிய துண்டொன்று அதில் வேரூன்றி, கைப்பிடிச் சுவரைத் தாண்டி அடுத்த வீட்டுத் தண்ணீர்த் தொட்டியின் மேல் பூத்திருந்தது. எண்ணியதில் எனக்கும் ஒன்று தவறியிருக்கிறது. ஸ்வர்ணலதா அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

என் நிலையில் மாற்றமில்லை. ஜனவரி 31.

ஷரஃபுதீன்

—

கொட்டிவாக்கம்,
04.12.2024, புதன்கிழமை, காலை 6.40.

பாய் அவர்களுக்கு,

மூன்று மாசம் எழுதாததற்குக் காரணம் கோபம்தான். மறைக்க ஒன்றுமில்லை. உங்கள் வீட்டிலிருந்து வந்த அன்றே ஸ்வர்ணா அடையாற்றுக்காரர்களைக் கூப்பிட்டு, ஜனவரி முடியாமல் நாற்று இல்லை என்று சொல்லிவிட்டாள். அவர்கள் வேறு ஆளைப் பார்த்துக்கொண்டார்கள். பேராசிரியரின் கடிதம் மேஜை இழுப்பறையில் சும்மா கிடந்தது. “உன் பெரியப்பா சொன்னால் வேதமா?” என்று கத்தினேன். “பெரியப்பா இல்லப்பா, பெரியம்மா” என்றாள்.

போன சனிக்கிழமை, நவம்பர் 30, புயல் மழை அடித்ததே, அதில் கால்வாய் ஏறிப் பண்ணைக்குள் முழங்கால் தண்ணீர். நேற்றுதான் வடிந்தது. இன்று விடிந்ததும் கரையோரம் நடந்து பார்த்தேன். நம் ஆட்கள் கொடியைக் கவாத்து செய்து வெட்டிப்போட்ட குப்பையைச் சுவருக்கு அந்தப் பக்கம் கொட்டியிருக்கிறார்கள். அக்டோபர் மழையிலேயே போயிருக்க வேண்டும். தெற்கே இருநூறு அடிக்குள் மூன்று இடத்தில் நீலமாய்ப் பூத்துக் கிடக்கிறது. நம் வெடிலியாவின் மேலேயே ஏறிவிட்டது பாய். முப்பத்தெட்டு வருஷமாக அங்கே எதையும் வளரவிடாத வெடிலியா! அதையே அமுக்கிவிட்டது.

பக்கத்தில் துப்புரவு வேலை பார்த்த ஆள், “இன்னா சார் இது, அறுத்தா ரெண்டா மொளைக்குது?” என்று கேட்டான். இதன் பேர் என்னவென்றும் கேட்டான். ஏதோ காட்டுக் கொடி என்றேன். நாளைக்கு ஊரெல்லாம் இதை வெட்டும்போது மதினி பேரைச் சொல்லியல்லவா திட்டுவார்கள்?

எப்படி அழிப்பது என்று மட்டும் எழுதுங்கள். பன்னிரண்டாயிரத்தையும் அழிக்கிறேன். கருத்துரையில் அந்தப் பேரைப் போட வேண்டாம். ஒரு நம்பர் கொடுத்து எழுதிவிடுங்கள், போதும். இது என் கெஞ்சல்.

உங்கள் கனகராஜ்

தேதியும் கிழமையும் ஸ்வர்ணா சரிபார்த்தாள். நேரம் நானே பார்த்தது.

—

ராயப்பேட்டை,
31.01.2025, வெள்ளிக்கிழமை.

அன்பிற்குரிய கனகராஜுக்கு,

டிசம்பரில் நான் எழுதி அனுப்பிய முறைப்படியே, நாற்றுகளைத் தார்ப்பாயில் பரப்பி வெயிலில் கருக்கி, பிறகு குழியிலிட்டு எரித்தீர் என்றும், ஒரு துண்டுகூடச் சுவர் தாண்டவில்லை என்றும் ஸ்வர்ணலதா தெரிவித்தாள். சாம்பல் ஆறும் வரை நீர் அங்கேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தீராம். அந்த நாற்காலிக்குப் பக்கத்தில் நானும் உட்கார்ந்திருக்க வேண்டும்.

ஸ்வர்ணலதா இந்த மண்ணிலேயே பிறந்த கொடிகளை நாற்றுப் போட்டிருக்கிறாள் என்றும் அறிந்தேன். அவற்றுக்கும் என்னிடம்தான் வர வேண்டும். பத்து நிமிடத்தில் தர மாட்டேன்.

சொன்ன நாளில் கருத்துரை தயார். மூலம் சங்கத்துக்குப் போயிற்று, நகல் இத்துடன். பெயருக்குப் பதில் எண் இடுமாறு நீர் கேட்டுக்கொண்டதை அப்படியே ஏற்று, முதலில் ‘மாதிரி எண் 1’ என்றுதான் எழுதினேன். நேற்று மாலை அஸ்மத் அதை வாங்கிப் படித்தாள்.

“எம்பேரு எங்க?”

“வேண்டாம் என்று கனகராஜ் எழுதியிருக்கிறார். ஊரார் திட்டுவார்களாம்.”

“திட்டட்டும். நல்ல செடின்னு நெனச்சு வெக்கும்போது எம்பேரு இருந்துச்சு. மலடுன்னு அச்சடிக்கும்போதும் எம்பேருதான் இருந்துச்சு. இப்ப இன்னாத்துக்கு ஒளிக்கிறீங்க? என்னை எவனும் அடக்குனதில்ல, எம்பேர வெச்ச செடியும் அடங்கல. எழுதுங்க.”

வாதிட்டேன். பயனில்லை. தையல் இயந்திரத்தின் இழுப்பறையிலிருந்து அந்தத் துண்டறிக்கையை எடுத்து என் மேசைமேல், கருத்துரைக்குப் பக்கத்தில் வைத்தாள். நீர் கொளுத்திய துண்டறிக்கைக் கட்டில் எஞ்சியது அது ஒன்றுதான். இரண்டாம் முறை எழுதிய வாசகம் இது:

‘அஸ்மத் நீலம். விதை இல்லை. கணுதோறும் வேர்விடும். உலர்ந்தாலும் சாகாது. உப்பு நீரிலும் பூக்கும். எவ்வெல்லைக்குள்ளும் நில்லாது. பரவும். விற்பனைக்கு இசைவு மறுக்கப்படுகிறது.’

பிப்ரவரி 2, ஞாயிறு காலை ஏழு மணிக்கு இருவரும் கொட்டிவாக்கம் வருகிறோம். கால்வாய்க் கரையில் கிடக்கும் வெடிலியா நம் இருவருடையது. நாம்தான் அறுக்க வேண்டும். ஒரு நாளில் முடியாது. ஒவ்வொரு ஞாயிறும் வருவேன். முழங்காலைக் காரணம் காட்டி என்னை நிழலில் உட்காரச் சொன்னால் ‘தாங்கள்’ என்று எழுதத் தொடங்கிவிடுவேன். நீர் கத்தியைத் தீட்டி வையும். வாசற்பலகையையும் கழற்றி வையும். அதன் எழுத்தை என் கையாலேயே சுரண்டி எடுப்பேன்.

கருத்துரையை உறையில் இடுமுன் அஸ்மத் இன்னொரு முறை கேட்டு வாங்கிப் பார்த்தாள். விரலால் வரிவரியாகத் தொட்டு வந்து, ஒரு சொல்லில் நிறுத்தி, “இத மட்டும் கொஞ்சம் பெருசா எழுதுங்க” என்றாள். அலுவல் முறைக்கு அது பொருந்தாது. ஆயினும் மூன்றாம் முறையாக முழுத்தாளையும் எழுதினேன். ‘பரவும்’ என்பது அதில் பெரிதாக இருக்கும்.

என்றும் உமது,
மு. ஷரஃபுதீன்